வலது பக்கம் அசையவில்லை

எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் என்னைப் பற்றி எழுதிவிட்டார். "பாட்டு கற்றுக்கொண்டால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு நம் மூன்றாவது மாடி வசந்தா மேடமே சாட்சி. நுரையீரல் நோயைப் பாடியே குணப்படுத்திக்கொண்டார்." அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடு கைகள். அதில் ஒன்று என் கணவருடையது.

அது உண்மையில்லை. அதைப் படித்துவிட்டு நெஞ்சில் சளி கட்டிய யாராவது டாக்டரிடம் போகாமல் பாட்டு வகுப்புக்குப் போய்விடக் கூடாது என்று பயந்துதான் இதை எழுத உட்கார்ந்தேன். அதே சமயம் பாட்டால் எனக்கு ஒன்றுமே ஆகவில்லை என்று சொன்னால் அதுவும் பொய். எது எதனால் ஆனது என்று எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

முதலில் என் குணத்தைச் சொல்ல வேண்டும். ஹைதராபாத்தின் மௌலா அலியில் இயந்திர உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷமாக ஆய்வுப் பிரிவில் இருக்கிறேன். வெளியிலிருந்து வரும் போல்ட்டு, ஸ்பிரிங், வாஷர்களை அளந்து பார்த்து, சரியாக இருந்தால் பச்சை முத்திரை, இல்லையென்றால் சிவப்பு. பெட்டியின் மேல் என்ன எழுதியிருந்தாலும் நம்பாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். இத்தனை வருஷம் அப்படியே இருந்துவிட்டு, வேலை முடிந்ததும் அந்தக் குணத்தைக் கழற்றி லாக்கரில் வைத்துவிட்டு வர முடியாது. காய்கறிக்காரர், கேஸ் சிலிண்டர், என் மகள் நிவேதாவின் கல்லூரி மதிப்பெண் பட்டியல் எல்லாவற்றையும் இரண்டு தடவை பார்ப்பேன். நிவேதா இங்கேயே பிறந்து வளர்ந்தவள். நான் தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்லுவாள். "அந்தா அனுமானமே நீக்கு, அம்மா" என்பது வாரத்துக்கு இரண்டு முறையாவது வரும். உனக்கு எல்லாமே சந்தேகம்தான் என்று அர்த்தம்.

போன வருஷம் ஜனவரியில் காய்ச்சல் வந்தது. கூடவே வலது விலாவில் ஒரு குத்தல். சரக்குப் பெட்டியை இழுத்ததில் பிடித்துக்கொண்டது என்று நினைத்துத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பதாம் நாள் குளியலறையிலிருந்து கட்டில்வரை நடந்ததற்கே மூச்சு வாங்கியது. என் கணவர் முருகேசன் ரயில்வே பணிமனையில் எலக்ட்ரீஷியன். அதிகம் பேச மாட்டார். அன்று எதுவும் கேட்காமல் ஆட்டோவைக் கூப்பிட்டு வந்து வாசலில் நிறுத்திவிட்டார்.

எக்ஸ்ரேயை டாக்டர் விளக்கு முன்னால் மாட்டிக் காட்டினார். காற்று இருக்கும் இடம் கறுப்பாகத் தெரிய வேண்டுமாம். என் இடது பக்கம் கறுப்பு. வலது பக்கம் கீழ்ப்பாதி வெள்ளை.

"நிமோனியா. அதோட நுரையீரலுக்கு வெளியே தண்ணி கோத்திருக்கு" என்றார். அவர் தெலுங்குக்காரர். எங்களிடம் பேசும்போது கொஞ்சம் தமிழும் கலப்பார்.

"வேற யாரோட எக்ஸ்ரேயாவது மாறி வந்திருக்குமா?" என்று கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. படத்தின் மூலையில் இருந்த என் பெயரையும் வயதையும் விரலால் காட்டினார். ஐம்பத்தொன்று. சரியாகத்தான் இருந்தது.

தண்ணீரை ஊசியால் எடுத்துப் பார்த்தார்கள். கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, முன்னால் ஒரு மேசைமேல் கைகளைப் போட்டுக் குனிந்துகொள்ள வேண்டும். முதுகில் மரத்துப்போக ஒரு ஊசி, பிறகு பெரிய ஊசி. வலியைவிட, பின்னால் என்ன நடக்கிறது என்று பார்க்க முடியாததுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. எடுத்ததைக் காட்டச் சொன்னேன். மோரில் மஞ்சள் தூள் கரைத்ததுபோல் இருந்தது. தண்ணீர் இல்லை, சீழ். இதற்கு டாக்டர்கள் எம்பையீமா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நுரையீரலுக்கும் விலா எலும்புக் கூட்டுக்கும் நடுவில் காகிதம் போல மெல்லிய ஓர் இடைவெளி எல்லோருக்கும் உண்டாம். அதில் சீழ் நிரம்பினால் நுரையீரல் விரிய இடமில்லாமல் சுருங்கிவிடும்.

இரண்டு விலா எலும்புகளுக்கு நடுவே துளை போட்டு என் விரல் தடிமனில் ஒரு குழாயைச் சொருகினார்கள். அதன் மறுமுனை கட்டிலுக்குக் கீழே தண்ணீர் வைத்த ஒரு பாட்டிலில். நான் மூச்சு இழுத்தால் குழாய்க்குள் தண்ணீர் ஏறும், விட்டால் இறங்கும். என் மூச்சை முதல்முறையாகக் கண்ணால் பார்த்தேன். அதன் ஏற்றம் ஒரு விரற்கடைகூட இல்லை.

பன்னிரண்டு நாள் அந்தப் பாட்டிலோடு இருந்தேன். காசநோயாக இருக்குமோ என்று சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை நிவேதாவைக் கட்டிலுக்குப் பக்கத்தில் விடவில்லை. அவள் கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு அங்கிருந்தே ஃபோனில் எனக்குச் செய்தி அனுப்புவாள். இல்லை என்று முடிவு வந்த அன்று, அழுக்குத் தலையோடு கிடந்த என்னைக் குளியலறைக்குக் கூட்டிப்போனாள். பாட்டிலை என் நெஞ்சுக்கு மேலே தூக்கிவிடக் கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்தார். இடது கையில் பாட்டிலைத் தாழப் பிடித்துக்கொண்டு வலது கையால் என் தலைக்கு ஷாம்பு போட்டாள். பத்தொன்பது வயதுப் பெண். வீட்டில் தன் தட்டைக்கூடக் கழுவாதவள். கண்ணில் நுரை போகாமல் நெற்றியில் கையை அணை கட்டியதுபோல் வைத்துக்கொண்டாள்.

மருத்துவமனையின் பெயர் வேண்டாம். நன்றாகத்தான் பார்த்தார்கள். ஆனால் இரண்டாம் நாளே, பக்கத்துக் கட்டில்காரரின் மாத்திரை உறை என் மேசையில் இருந்தது. நான் பெயரைப் படித்துப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தேன். நர்ஸ் மன்னிப்புக் கேட்டார். அதன்பின் எனக்கு ஏற்றிய ஒவ்வொரு மருந்தின் பெயரையும் காலாவதித் தேதியையும் ஒரு சின்ன நோட்டில் எழுதினேன். நர்ஸுகள் எனக்கு இன்ஸ்பெக்டர் அம்மா என்று பெயர் வைத்தார்கள். ஒரு தடவை என் சந்தேகம் சரியாக இருந்துவிட்டது. அது எனக்குப் போதுமானதாக இருந்தது. பின்னால் வந்த கஷ்டமெல்லாம் அங்கேதான் ஆரம்பித்தது என்று இப்போது தோன்றுகிறது.

குழாயை எடுத்து வீட்டுக்கு அனுப்பும்போது, மூன்று அறைகளில் மூன்று பந்துகள் இருக்கும் ஒரு பிளாஸ்டிக் கருவியைக் கொடுத்தார்கள். குழலை வாயில் வைத்து மூச்சை இழுத்தால் பந்துகள் மேலே ஏறும். நன்றாக இருப்பவர்களுக்கு மூன்றும் ஏறும். எனக்கு ஒன்று ஏறியது. ஒரு மாதம் கழித்தும் ஒன்றுதான். சொன்னபடி நாளுக்கு ஐந்து தடவை செய்தேனா என்றால், இல்லை. பந்து ஏறாததைப் பார்க்கப் பிடிக்காமல் அதை அலமாரிக்குள் வைத்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் மூச்சுப் பயிற்சி தரும் பெண் ஸ்வப்னா அதைக் கண்டுபிடித்துவிட்டாள். சின்னப் பெண். தெலுங்கில்தான் பேசுவாள்.

"மேடம், வலிக்குமோன்னு பயந்து வலது பக்கத்தை இறுக்கிப் பிடிச்சுக்கிறீங்க. பந்து பிடிக்கலைன்னா விடுங்க. பாட்டு கத்துக்கிறீங்களா?"

"பாட்டா?"

"பாடுறதுக்கு மூச்சை ஆழமா இழுக்கணும், மெதுவா விடணும். அதே பயிற்சிதான். ஹப்சிகுடாவில ஒரு டீச்சர் இருக்காங்க. நம்பர் தர்றேன்."

அவள் நம்பரைத் தேடக்கூட இல்லை. மனப்பாடமாகச் சொன்னாள். எனக்குள் மணி அடித்தது. ஆஸ்பத்திரியில் இருந்துகொண்டு ஆள் பிடித்து அனுப்புகிறாள், இதில் இவளுக்கு ஒரு பங்கு இருக்கிறது என்று முடிவு செய்தேன். அதனால்தான் போனேன் என்று சொன்னால் நம்புவீர்களோ என்னவோ. பாட வேண்டும் என்று எனக்கு எந்த ஆசையும் இல்லை. பள்ளிக்கூடத்தில் கடவுள் வாழ்த்துக்கு வாயை மட்டும் அசைத்தவள் நான். இவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துக் கையும் களவுமாகப் பிடிக்கத்தான் போனேன்.

வகுப்பு ஒரு டீக்கடைக்கு மேலே இரண்டாவது மாடியில். படிக்கட்டுக்குக் கீழே ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. பாடினால் ரத்த அழுத்தம் குறையும், சர்க்கரை குறையும், ஆஸ்துமா போகும், ஞாபகசக்தி பெருகும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நட்சத்திரம் போட்டு எழுதியிருந்தது. அதை ஃபோனில் படம் எடுத்துக்கொண்டேன். சாட்சிக்கு.

டீச்சர் பெயர் கிரேஸ். முப்பத்தைந்து வயதிருக்கும். நல்ல உயரம், பெரிய குரல். அவருடைய தாத்தா அந்தக் காலத்தில் வேலூர்ப் பக்கத்திலிருந்து ரயில்வே வேலைக்கு இங்கே வந்தவராம். மூன்று தலைமுறையாக இங்கேயே இருப்பதால் அவர் தமிழில் பாதி ஹைதராபாத். நான் ஃபோனை நீட்டி அந்த நோட்டீஸைக் காட்டினேன்.

"இதெல்லாம் உண்மையா டீச்சர்?"

பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது. "ஐயோ, மறுபடி ஒட்டிட்டானா! என் தம்பி வேலை ஆன்ட்டி. நக்கோ, வேணாம்னு எத்தனை தடவை சொல்றது? நான் பாட்டு சொல்லித் தர்றேன், வைத்தியமா பண்றேன்?" கீழே இறங்கிப் போய்க் கிழித்துக்கொண்டு வந்தார். எனக்காக நடிக்கிறாரோ என்று பார்த்தேன். அடுத்த வாரமும் சுவர் காலியாகத்தான் இருந்தது.

முதல் நாள் பாட்டே இல்லை. பாயில் மல்லாந்து படுக்கவைத்து வயிற்றின்மேல் ஒரு தடித்த புத்தகத்தை வைத்தார். மூச்சு இழுக்கும்போது புத்தகம் ஏற வேண்டும், தோள் ஏறக் கூடாது. பிறகு எழுந்து உட்கார்ந்து, பல்லிடுக்கில் காற்றை விட்டு "ஸ்ஸ்ஸ்" என்று முடிந்தவரை இழுக்க வேண்டும். அப்போது அவர் என் பின்னால் உட்கார்ந்து விலாவின் இரண்டு பக்கமும் உள்ளங்கையை வைத்துக்கொள்வார். "நான் தொடலாமா ஆன்ட்டி?" என்று கேட்டுவிட்டுத்தான் வைத்தார். குழாய் போட்ட தழும்புமேல் அவர் கை பட்டதும் எனக்கு உடம்பு கூசியது. எட்டு வாரமாக அந்த இடத்தை நானே தொட்டதில்லை.

அன்று ஒன்பது விநாடி. நோட்டில் எழுதினேன். மருந்து எழுதிய அதே நோட்டின் மறுபக்கம். வாரம் இரண்டு வகுப்பு. பதினொன்று ஆயிற்று, பதினான்கு ஆயிற்று. பாட்டால்தான் கூடுகிறதா, தானாகவே கூடியிருக்குமா என்று பார்க்க ஒரு வாரம் வேண்டுமென்றே வீட்டில் பயிற்சி செய்யாமல் இருந்தேன். பதினான்கிலேயே நின்றது. மறுவாரம் செய்தேன். பதினாறு. அப்படியும் நம்பவில்லை. பழக்கத்தால் திறமை கூடியிருக்கலாம், அதனால் நுரையீரல் கூடியதாக ஆகாது இல்லையா?

ஆனால் நோட்டில் எழுதாத சில விஷயங்கள் நடந்தன. தொழிற்சாலையில் இயந்திரச் சத்தத்துக்கு மேலே பேசி மாலையில் தொண்டை கட்டுவது நின்றது. ஊரில் இருக்கும் தங்கையிடம் ஃபோனில் ஒரு வாக்கியத்தை நடுவில் மூச்சு விடாமல் முடித்தேன். "என்னக்கா, பழைய மாதிரி பேசுற!" என்றாள். இருமல் வந்தால் விலாவைப் பிடித்துக்கொள்ளும் கை தானாகவே கீழே இறங்கியிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, தம்புரா சத்தத்தோடு ஒரே ஒரு 'ஸா'வைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது வேறு எதையும் நினைக்க முடியாது. நினைத்தால் சுருதி விலகிவிடும். ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து என் தலைக்குள் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்த கணக்கு அந்த ஒரு மணி நேரம் நின்றது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவர்கள் ஜெயித்துவிட்டார்கள் என்று ஆகிவிடும் அல்லவா?

விசாரணையும் ஒரு பக்கம் நடந்தது. மற்ற மாணவர்களிடம் ஒவ்வொருவராகக் கேட்டேன், உங்களை யார் அனுப்பினார்கள் என்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை காரணமில்லாமல் அந்தப் பக்கம் போனேன். படிக்கட்டில் ஸ்வப்னா இறங்கி வந்தாள். பிடிபட்டாள் என்று நினைத்தேன். அடுத்த வகுப்பில் கிரேஸிடம் கேட்டேன்.

"ஹவ், ஆமா ஆன்ட்டி, ஸ்வப்னா என் ஸ்டூடண்ட். நாலு வருஷமா வர்றா. அதுல என்ன?" என்றார்.

அதில் ஒன்றுமில்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

ஏழாவது வாரம் எண்ணிக்கை பதினைந்தாகக் குறைந்தது. எட்டாவது வாரம் பதின்மூன்று. காரணம் ஏ.சி. காற்று என்று நோட்டில் எழுதினேன். அடுத்த வகுப்பில் பன்னிரண்டு. டீச்சர் சுருதியை மாற்றிவிட்டார் என்று எழுதினேன். அன்று கிரேஸ் என் முதுகுக்குப் பின்னாலிருந்து கையை எடுக்காமல், "இன்னொரு தடவை" என்றார். மறுபடியும், "இன்னொரு தடவை" என்றார். பிறகு முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"ஆன்ட்டி, இடது பக்கம் நல்லா விரியுது. வலது பக்கம் என் கைக்கு ஒண்ணுமே வரலை. போன மாசம் வந்துச்சு. இப்போ அசையவே இல்லை."

"இன்னைக்கு டயர்டா இருக்கேன்."

"நக்கோ ஆன்ட்டி. ரெண்டு வாரமா பாக்குறேன். நாளைக்கே டாக்டர்கிட்ட போங்க. அவர் பாத்துச் சொல்ற வரைக்கும் கிளாஸ் கிடையாது."

பேருந்தில் வரும்போது எனக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது போலிருந்தது. ஆஸ்பத்திரி பாட்டு வகுப்புக்கு அனுப்பும். பாட்டு வகுப்பு ஆஸ்பத்திரிக்குத் திருப்பி அனுப்பும். மறுபடி ஸ்கேன், மறுபடி சோதனை. என்ன அழகான ஏற்பாடு! வீட்டில் இதைச் சொன்னேன்.

"போய்ப் பாத்துட்டு வந்துருவோமே வசந்தா" என்றார் முருகேசன்.

"உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. சும்மா இருங்க."

நிவேதா வழக்கமான தன் தெலுங்கு வாக்கியத்தைச் சொல்லவில்லை. தமிழில், அவளுக்கு வராத தமிழில், "அம்மா, எனக்கு பயம் இருக்கு" என்றாள். எனக்கு அது கேட்டது. கேட்காத மாதிரி குக்கரைத் திறந்தேன்.

எட்டு நாள் டாக்டரிடம் போகவில்லை. ஒன்பதாம் நாள் மௌலா அலி ரயில் நிலையத்தின் மேம்பாலத்தில் பாதிப் படி ஏறியதும் கால் நின்றுவிட்டது. குளிர் நடுக்கம் தூக்கிப் போட்டது. படியிலேயே உட்கார்ந்தேன். ஜனங்கள் என்னைச் சுற்றிக்கொண்டு ஏறிப் போனார்கள். முருகேசனைக் கூப்பிட ஃபோனை எடுத்தேன். அவர் எடுத்ததும் பேச எனக்கு மூச்சு இல்லை. "எங்க இருக்க, எங்க இருக்க" என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பக்கத்தில் இறங்கிவந்த ஒரு அம்மா ஃபோனை வாங்கி இடத்தைச் சொன்னார்.

மறுபடி அதே மருத்துவமனை. சி.டி. ஸ்கேன். குறுக்கே வெட்டிய படங்களை அறுவை சிகிச்சை டாக்டர் கணினித் திரையில் ஒவ்வொன்றாக நகர்த்திக் காட்டினார். முன்பு சீழ் இருந்த இடத்தில் மறுபடி நீர் கட்டி, அறை அறையாகத் தடுத்துக்கொண்டிருந்தது. நுரையீரல்மேல் தடித்த தோல்போல் ஒன்று படிந்திருந்தது.

"உள்ளே நுரையீரல் நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்தத் தோல் அதை விரிய விடலை. ஓட்டை போட்டு, கேமரா வெச்சு, தோலை உரிச்சு எடுக்கணும்" என்றார். "மூச்சு எப்போலேர்ந்து குறைய ஆரம்பிச்சது?"

நான் வாயால் சொல்வதைவிட எழுத்து துல்லியம் என்று நோட்டைக் கொடுத்தேன். அவர் பக்கம் புரட்டினார். பதினாறு, பதினைந்து, பதின்மூன்று, பன்னிரண்டு. எதிரே தேதி.

"இதை யாரு எழுதினது?"

"நான்தான்."

"அப்போ உங்களுக்கு மூணு வாரமாவே தெரியும்."

அவர் குற்றம் சொல்லும் குரலில் சொல்லவில்லை. முன்னாலேயே வந்திருந்தால் ஒருவேளை குழாயோடு முடிந்திருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்று பிறகு சொன்னார். ஆனால் அந்த ஒரு வாக்கியம் என்னை உலுக்கிவிட்டது. வெளியிலிருந்து வரும் பெட்டியை நம்பாமல் இருப்பது என் வேலை. என் அளவுகோல் காட்டியதையே நான் நம்பவில்லையே. கிரேஸின் கை சொன்னதும் என் நோட்டு சொன்னதும் ஒன்றுதான். எதிரே ஏ.சி. என்றும் சுருதி என்றும் எழுதியது என் பயம். அதற்கு நான் சந்தேகம் என்று பெயர் வைத்திருந்தேன்.

முருகேசன் நாற்காலியில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். நான்தான் சொன்னேனே என்று அவர் அன்றும் சொல்லவில்லை, இன்றுவரையும் சொல்லவில்லை.

அறுவை சிகிச்சை மூன்றரை மணி நேரம். அதில் எனக்கு எதுவும் ஞாபகமில்லை. விழித்தபோது வலது பக்கம் இரண்டு குழாய்கள், இரண்டு பாட்டில்கள். முன்பு பட்ட வலியெல்லாம் வலியே இல்லை என்று தெரிந்தது. மறுநாள் காலை ஸ்வப்னா வந்தாள். ஒரு தலையணையை என் நெஞ்சோடு அணைத்துப் பிடிக்கவைத்து இருமச் சொன்னாள். நான் மாட்டேன் என்றேன்.

"சரி, இருமாதீங்க. கிரேஸக்கா சொல்லித் தந்தாங்களே, அந்த 'ஸ்ஸ்' மட்டும்."

பல்லைக் கடித்துக்கொண்டு செய்தேன். மூன்று விநாடி. கண்ணீர் வந்துவிட்டது. ஆனால் கட்டிலுக்குக் கீழே தண்ணீர் அசைவதும் காற்றுக் குமிழிகள் கிளம்புவதும் கேட்டது. "அதுதான் மேடம், உள்ளே மிச்சம் இருக்கிற காற்று வெளியே போகுது, நுரையீரல் அந்த இடத்துக்கு வருது" என்றாள். எனக்கு எப்படிச் செய்வது என்று தெரிந்திருந்தது. வலியோடு மூச்சைப் பிரித்துப் பிரித்து விடத் தெரிந்திருந்தது. தோளைத் தூக்காமல் இழுக்கத் தெரிந்திருந்தது. போன தடவை இது எதுவும் தெரியாமல் விலாவை இறுக்கிக்கொண்டு கிடந்தேன். இந்தத் தடவை மணிக்கு ஒருமுறை, மூன்று, நான்கு, நான்கு, ஐந்து.

நான்காம் நாள் பார்வையாளர் நேரத்தில் கிரேஸ் வந்தார். கையில் ஒரு பை சாத்துக்குடி. நலம் விசாரிப்பதற்கு முன்பே, "தொடலாமா ஆன்ட்டி?" என்று கேட்டார். கட்டு போடாத இடமாகப் பார்த்து முதுகுப் பக்கம் இரண்டு கைகளையும் வைத்தார். நான் இழுத்தேன். விட்டேன். மறுபடி இழுத்தேன்.

"வருது ஆன்ட்டி" என்றார். "கொஞ்சம்தான். ஆனா வருது."

திரும்பிப் பார்த்தேன். அவர் கண் கலங்கியிருந்தது. நான் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று சொன்னேன்: "நீங்களும் ஸ்வப்னாவும் ஆஸ்பத்திரியும் கூட்டுன்னு நெனச்சேன் டீச்சர். கமிஷன் வாங்கறீங்கன்னு."

"தெரியுமே! கிளாஸ்ல எல்லார்கிட்டயும் விசாரிச்சீங்களே. எல்லாரும் வந்து என்கிட்ட சொல்லிட்டாங்க."

"அப்புறமும் ஏன் சொல்லிக்குடுத்தீங்க?"

"நல்லா எண்ணுறீங்க ஆன்ட்டி. தாளம் தப்பவே மாட்டேங்குது" என்று சிரித்தார். நானும் சிரிக்கப் போய்த் தையல் இழுத்து, "அம்மா" என்று கத்தினேன். நர்ஸ் ஓடிவந்தார்.

ஆக, கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். என் சீழை வடித்தது குழாய். தோலை உரித்தது டாக்டரின் கத்தி. கிருமியைக் கொன்றது மருந்து. ஆறு மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் வலது பக்கம் கீழே ஒரு தழும்பு இருக்கிறது, அது அப்படியேதான் இருக்கும் என்கிறார்கள். பாட்டு அதைத் தொடவில்லை. ஆனால் வாரம் இரண்டு முறை, ஒருவர் என் மூச்சைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வருஷத்துக்கு நான்கு முறை எடுக்கும் எந்த ஸ்கேனும் அதைச் செய்திருக்காது. பயமில்லாமல் மூச்சு விடுவது எப்படி என்று என் உடம்புக்கு அங்கேதான் தெரிந்தது. இதைவிட அதிகமாக யாராவது நோட்டீஸ் அடித்தால் நம்பாதீர்கள்.

இரண்டு மாதம் கழித்து டாக்டர் அனுமதி தந்ததும் மறுபடி வகுப்புக்குப் போனேன். பேருந்து வேண்டாம் என்று முருகேசனே ஸ்கூட்டரில் கொண்டுவிடுகிறார். என்னை இறக்கிவிட்டு, "கீழ டீ குடிச்சிட்டு இருக்கேன், முடிஞ்சதும் வா" என்பார்.

இரண்டு மூன்று வாரம் முன்புதான் கவனித்தேன். டீ குடித்தவரின் சட்டை முதுகு முழுக்க வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்பு. முதல் நாள் எங்காவது சாய்ந்திருப்பார் என்று விட்டேன். அடுத்த வகுப்பன்றும் அதே இடத்தில் அதே வெள்ளை. சிகரெட்டை விட்டு இருபது வருஷமாகிறது. மறுபடி ஆரம்பித்துவிட்டாரா, எங்காவது சந்தில் நின்று பிடிக்கிறாரா என்று ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து சட்டையை முகர்ந்து பார்த்தேன். வாசனை இல்லை. எனக்கு நிம்மதியும் இல்லை.

போன செவ்வாய்க்கிழமை வகுப்பு நடுவில் கிரேஸுக்கு ஃபோன் வந்தது. "நீங்க 'ஸா' பிடிச்சிட்டு இருங்க ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். நான் பிடித்துக்கொண்டே கதவருகே நடந்தேன். பிடித்துக்கொண்டே எட்டிப் பார்த்தேன்.

அரை மாடி கீழே, படிக்கட்டு திரும்பும் இடத்தில், முருகேசன் சுண்ணாம்புச் சுவரில் முதுகைச் சாய்த்து நின்றிருந்தார். கக்கத்தில் என் ஆஸ்பத்திரி ஃபைல். கண் கைக்கடிகாரத்தின்மேல். கன்னம் இரண்டும் உப்பி, முகம் சிவந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். என் 'ஸா' முடியும்வரை தானும் விடக் கூடாது என்று நிற்கிறார் என்பது எனக்கு ஒரு கணம் கழித்துத்தான் புரிந்தது. அவரால் முடியவில்லை. புஸ்ஸென்று விட்டுவிட்டு, முழங்காலில் கையை ஊன்றி இரைத்தார். நான் இன்னும் பிடித்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தவர் என்னைப் பார்த்துவிட்டார்.

நான் பாட்டை விட்டேன். "டீ குடிக்கப் போகலையா?"

"கடை மூடியிருக்கு" என்றார்.

கீழே டீ மாஸ்டர் கண்ணாடி தம்ளரில் கரண்டியைத் தட்டிக் கலக்கும் சத்தம் இரண்டாவது மாடிவரை தெளிவாகக் கேட்டது.

"எத்தனை வந்துச்சு?" என்று கேட்டேன்.

"உனக்குப் பத்தொன்பது." கடிகாரத்தை மறுபடி பார்த்துக்கொண்டார். "எனக்குப் பதினாலு."

உள்ளே கிரேஸ் ஃபோனை வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். நான் கதவைச் சாத்தாமல் திறந்தபடியே விட்டுவிட்டுப் போய், மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.